பூவுக்கு அடியில் இருந்த பூட்டு

புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும்,

இதை எழுதும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நான் ட்ரக் ஓட்டப்போவதில்லை. உங்களைப் பழக்குவதுதான் இனி என் வேலை. எட்டு வருடம் ஓட்டிவிட்டு, இருபத்தொன்பது வயதில் ஒருவன் ‘என் காலத்தில்’ என்று தொடங்கினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், ஆனால் வாசியுங்கள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயத்தை ஒரு மே மாதக் காலையில், நாலைந்து விநாடிக்குள் படித்தவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது. கூடவே, எழுந்து நின்று யாருக்காவது சொல்லவேண்டும் போலவும் இருக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

கூஸ்நெக் ட்ரெய்லரை யார்ட்டில் பார்த்திருப்பீர்கள். வாத்தின் கழுத்தைப் போல வளைந்த இரும்புக் கழுத்து ட்ரக்கின் பின்தட்டுக்கு மேலாக வந்து, தட்டின் நடுவில் இருக்கும் இரும்புப் பந்தின்மேல் உட்காரும். பந்தைக் கவ்விக்கொள்ள ஒரு பூட்டு. பூட்டின் கைபிடி தானாகத் திறந்துவிடாதபடி, அதன் துளைக்குள் செருக விரலளவில் ஒரு இரும்புப் பின். இவையெல்லாம் கைவிட்டாலும் ட்ரெய்லர் தன்பாட்டில் தெருவில் போகாமல் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகள். பந்துக்கு இரு பக்கமும் இருக்கிற வளையங்களில் அவற்றைக் கொளுவவேண்டும். அவ்வளவுதான். மிச்சம் கையேட்டில் இருக்கிறது.

கையேடு எனக்கு மனப்பாடம். அங்கேதான் என் பிழையும் தொடங்குகிறது.

என் அம்மாவும் அப்பாவும் மன்னாரில் பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். மொன்றியலுக்கு வந்தபின் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை அம்மா பிரிக்காமல் மேசையில் அடுக்கி வைப்பார். நான் பள்ளியால் வந்து வாசித்து, படிவத்தை நிரப்பி, பெருவிரல் வைத்தே பழகிய இருவருக்கும் தங்கள் பெயரைக் கீறவும் பழக்கினேன். அப்படி வளர்ந்தவனுக்கு எழுத்தின்மேல் ஒரு பக்தி வரும். எழுதிக் கையெழுத்து வைத்தால் அது உண்மை. அதற்குப் பிறகும் அது உண்மையாகவே இருக்கும் என்று நம்பினேன். வண்டி எடுக்குமுன் நிரப்பும் புறப்பாட்டுத் தாளை இந்த யார்ட்டில் என்னைப் போல அழகாக நிரப்பியவர் யாருமில்லை. பெட்டிக்கு வெளியே ஒரு கோடு போகாது.

எங்கள் முதலாளி சிவண்ணையை உங்களுக்குத் தெரியும். புது வண்டி வந்தால் அவருக்குப் பிள்ளை பிறந்த மாதிரி. அந்த மே மாதம் ஒரு புது கூஸ்நெக் வந்தது. கறுப்பு நிறம், பெயின்ட் மணம்கூடப் போகவில்லை. “டேய் ஜூட், இது உன்ர” என்று சொல்லிச் சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். மூன்று வருடம் மற்றவர்களின் வண்டியை மாறி மாறி ஓட்டியவனுக்கு முதல் சொந்த ட்ரெய்லர்! வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் படம் காட்டினேன். “இவ்வளவு பெரிசை நீ எப்பிடி இழுப்பாய்?” என்று அம்மா கேட்டார். “இழுக்கிறது ட்ரக், நானில்லை” என்றேன்.

முதல் வேலை பியர்பொன்ட்ஸில். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் கசிகிறது. அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டச் சின்ன எக்ஸ்கவேட்டர் ஒன்று பத்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அதற்கு முன், எட்டரைக்கு யார்ட்டில் பூசை.

நான் விடியவே புவாண்ட்-கிளேரில் இருக்கும் நம் யார்ட்டுக்கு வந்துவிட்டேன். ட்ரெய்லரைப் பந்தின்மேல் இறக்கினேன், பூட்டினேன், பின்னைச் செருகினேன். பிறகு ட்ரெய்லரின் முன்ஜாக்கியைச் சுற்றிக் கழுத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன். பூட்டு உண்மையாகவே பந்தைக் கவ்வியிருந்தால் கழுத்தோடு சேர்ந்து ட்ரக்கின் பின்பக்கமும் எழும்பும். எழும்பியது. சங்கிலிகளைக் கொளுவினேன். எக்ஸ்கவேட்டரை ஏற்றிக் கட்டினேன். தாளை நிரப்பி நேரமும் போட்டேன்: ஏழு பத்து. கீழே கையெழுத்து. இது வரைக்கும் ஒரு பிழையும் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள்.

எட்டு மணிக்குச் சிவண்ணை வேட்டியும் அதற்கு மேல் குளிர் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“ஜூட், எலுமிச்சம்பழம் மறந்துபோச்சு! ஐயர் வரப்போறார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா.”

“எத்தினை அண்ணை?”

“ட்ரக்குக்கு நாலு, ட்ரெய்லருக்கும் நாலு. ரெண்டு கூட எடு, கண்ணூறுக்கு.”

போய்வர அரை மணித்தியாலம். திரும்பி வந்தபோது என் ட்ரெய்லரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கழுத்து முழுக்கச் செவ்வந்தி மாலை, சந்தனம், குங்குமம். ஐயர் கர்ப்பூரத்தட்டோடு நின்றார். எங்கள் ஆட்கள் ஒரு பத்துப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“உன்ர மாதாவும் உள்ள இருக்கிறாதானே?” என்று சிவண்ணை கேட்டார். ட்ரக்கின் முன்கண்ணாடிக்குக் கீழே அம்மா ஒட்டிவிட்ட மாதா படம் இருந்தது.

“இருக்கிறா அண்ணை.”

“அப்ப முருகனும் மாதாவும் சேர்ந்து போகட்டும். ரெண்டு பேருக்கும் ரோட்டுத் தெரியும்.”

சக்கரங்களுக்கு முன்னால் பழம் வைத்தார்கள். நான் ஏறி, மெதுவாக முன்னால் எடுத்தேன். எட்டுப் பழமும் நசுங்கின. கைதட்டல்! ட்ரெய்லர் பின்னாலேயே சமத்தாக வந்தது. அந்த நிமிடம் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் தாள் கிடந்தது. எல்லாப் பெட்டியிலும் சரி அடையாளம். நேரம் ஒன்பதேகாலைத் தாண்டிவிட்டது. வாசலை நோக்கித் திருப்பினேன்.

வாசலில் நிரோ நின்றாள். நிரோசினி மட்டக்களப்புப் பெண். இங்கே எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவள், மற்ற கூஸ்நெக்கை ஓட்டுபவள். வாய்க்கு வேலி இல்லாதவள்; என்னை ஊர் வழக்கப்படி ‘மனே’, அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவாள். நடுவழியில் நின்று கையை நீட்டினாள்.

“இறங்கு மனே.”

“என்ன நிரோ? பிந்துது. பத்துக்கு அங்க நிக்கோணும்.”

“உன்ர சங்கிலி ரெண்டும் கழுத்தில மாலையோட சேர்ந்து தொங்குது. ட்ரெய்லருக்குக் கலியாணமா?”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“நான் கொளுவினனான். பேப்பரில இருக்கு.”

“அப்ப பேப்பரை ட்ரெய்லரில கட்டி இழுத்துக்கொண்டு போவன்.”

இன்னும் சிரிப்பு. எனக்கு முகம் எரிந்தது. இறங்கினேன். அவள் சொன்னது உண்மைதான். மாலையைக் கழுத்தைச் சுற்றிப் போட இடைஞ்சலாக இருந்ததால் யாரோ சங்கிலிகளைக் கழற்றி மேலே மாட்டிவிட்டிருந்தார்கள். பின்தட்டில் ஏறி, இரண்டு கொளுக்கியையும் கோபத்தோடு வளையங்களில் மாட்டினேன்.

இப்போது கவனியுங்கள். என் முழங்கைக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தது. அதன் கைபிடி பூவால் மூடிக் கிடந்தது. சங்கிலியில் ஒருவர் கை வைத்திருந்தால் பூட்டிலும் வைத்திருக்கலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. பூவை விலக்கிப் பார்க்கக் கையும் போனது. ஆனால் அது ஐயர் மந்திரம் சொல்லிச் சாத்திய பூ. நானோ வேதக்காரப் பொடியன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதில் கை வைத்து இழுப்பதா? அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: நிரோவுக்கு முன்னால் இரண்டாவது பிழையையும் தேடிப் பிடிக்க எனக்கு மனமில்லை. அவள் காட்டிய ஒன்றைத் திருத்தினேன். அது போதும் என்று முடிவெடுத்தேன். பழம் நசுங்கும்போது ட்ரெய்லர் பின்னால் வந்ததுதானே என்று எனக்கு நானே சாட்சியும் சொன்னேன்.

அது சாட்சியே இல்லை. பூட்டே இல்லாவிட்டாலும் அந்தப் பாரம் பந்தின்மேல் உட்கார்ந்தபடி மெதுவாகக் கூடவே வரும். ஒரு பெரிய குலுக்கல் வரும் வரைக்கும்.

மே மாதத்து மொன்றியல் தெருவில் குலுக்கலுக்கா பஞ்சம்? பனிக்காலம் முடிந்து, கிடங்கு என்று நாங்கள் சொல்லும் பள்ளங்கள் எல்லாம் வாயைத் திறந்து கிடக்கும் காலம். பியர்பொன்ட்ஸுக்குள் நுழைந்து ஒரு குடியிருப்புத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். வேகம் நாற்பதுக்குக் கீழேதான். முன்னால் ஒரு கடவையில் கார்டறி என்கிற குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் தெருவைக் கடக்கத் தொடங்கினார்கள். நீங்களும் கண்டிருப்பீர்கள்: ஒரு நீளக் கயிறு, அதில் வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்னக் கை, முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆசிரியை. எட்டுப் பிள்ளைகள். நான் எண்ணவில்லை, ஆனால் எட்டு என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைக்க நினைத்த அந்த நேரத்தில் ட்ரக் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.

பின்னால் ஒரு சத்தம். தகரக் கூரையில் அம்மிக்குழவி விழுந்த மாதிரி.

கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து பந்தில் இல்லை. பின்தட்டில் விழுந்து, பூவெல்லாம் பறக்க, ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டிருந்தது.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. எந்தச் சாரதியின் காலும் போகும். முன்னால் பிள்ளைகள். ஆனால் பிரேக்கில் பட்ட காலை அழுத்தாமல் அங்கேயே நிறுத்திவிட்டேன். ட்ரக்கை நிறுத்தலாம், எக்ஸ்கவேட்டரைச் சுமந்த ட்ரெய்லரை அப்படி நிறுத்தமுடியாது. இப்போது அதைப் பிடித்திருப்பது சங்கிலிகள் மட்டும். சங்கிலி இழுக்கும், தள்ளுவதைத் தடுக்காது. நான் மிதித்தால் கழுத்து பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு என் முதுகுக்கு வரும், அல்லது ட்ரக்கைக் குறுக்கே திருப்பிக் கடவைக்குள் தள்ளும்.

காலை எடுத்தேன். வலது கையால், ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் சின்ன லீவரைத் தேடினேன். அதை இழுக்கவில்லை, அமுக்கவில்லை. மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் விரலால் மெதுவாக நெரித்தேன். பின்னால் ட்ரெய்லரின் சக்கரங்கள் பிடித்தன. சங்கிலிகள் இரண்டும் டங்கென்று இறுகின. யாரோ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ட்ரக்கின் வேகம் விழுந்தது. இன்னும் கொஞ்சம் நெரித்தேன். ஸ்டியரிங் நேராக, நேராக, நேராக.

ஹோர்ன் அடிக்க இடது கை துடித்தது. அடிக்கவில்லை. ஹோர்ன் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் ஓடமாட்டார்கள். நின்று திரும்பிப் பார்ப்பார்கள். நடக்கிறவர்கள் நடக்கட்டும்.

நின்றேன். கடவைக் கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றேன்! கயிற்றின் கடைசி ஆசிரியை நடைபாதையில் ஏறிக்கொண்டிருந்தார். நடுவில் போன ஒரு சிறுமி திரும்பி, பூப்போட்ட ட்ரெய்லரைக் கண்டு, வளையத்தைப் பிடிக்காத கையை ஆட்டி, “போன்ஜூர்!” என்றாள். நானும் கையை ஆட்டினேன். 

எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கூம்புகளை வைத்துவிட்டுப் பின்தட்டில் ஏறினேன். மாதாவையும் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டபடி பூவை விலக்கினேன். அரை மணித்தியாலம் முன்பு செய்திருக்கவேண்டிய வேலை. பூட்டின் கைபிடி திறந்து கிடந்தது. பின் இருக்கவேண்டிய துளைக்குள் மாலையின் நூல். வடிவாக இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அறுந்து தொங்கியது.

சிவண்ணைக்கு அடித்தேன்.

“அண்ணை, ட்ரெய்லர் பந்தால கழண்டுபோச்சு.”

“ஐயோ! ஆருக்கும் ஏதும்?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சங்கிலி பிடிச்சுட்டுது. பின்தட்டு நெளிஞ்சுபோச்சு.”

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. “என்னெண்டு கழண்டது?”

“கிடங்கில விழுந்தது. ஆனா...”

“கிடங்குதான்! கிடங்கு எண்டே எழுதடா. மொன்றியல்ல ஆர் அதை நம்பமாட்டன் எண்டுவான்?”

“அண்ணை, பின் இல்லை. பின் இருந்த ஓட்டைக்குள்ள மாலை நூல் கட்டிக் கிடக்கு.”

 அந்தப் பக்கம் தூரத்தில் நிரோவின் குரல்: “அண்ணை, உங்கட ஜக்கெட் பொக்கற்றுக்குள்ள என்ன கம்பி நீட்டிக்கொண்டு நிக்குது?”



“நான் வாறன்” என்றார் சிவண்ணை. போன் வைக்கப்பட்டது.

அவர் நிரோவின் ட்ரக்கில் வந்து இறங்கினார். அதே வேட்டி. கையில் பின்னைப் பொத்திப் பிடித்திருந்தார். மாலை நுனியைக் கட்ட இடம் தேடியபோது அந்தத் துளை வசதியாக இருந்ததாம். பூசை முடிய மாற்றிப் போடுவோம் என்று பின்னைப் பொக்கற்றில் வைத்தவர், படம் எடுக்கிற அமளியில் மறந்துவிட்டார். ட்ரெய்லரைத் தெருவோரமாக ஜாக்கியில் உயர்த்தித் திரும்பவும் பந்தில் இறக்கினோம். நிரோ அன்று ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு நான் தாளை எடுத்தேன். ஏழு பத்து என்று போட்டுக் கையெழுத்து வைத்த அதே தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏழு பத்துக்கு அது உண்மைதான். நான் எலுமிச்சம்பழம் வாங்கப் போனபோது அந்த உண்மை முடிந்துவிட்டது. கிடங்கு என்று எழுதினால் ட்ரெய்லர் என்னிடமே இருக்கும். எழுதாவிட்டால் இருக்காது. எனக்கு அது தெரியும், சிவண்ணைக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் என் கையெழுத்தைப் பார்த்துத்தான் இரண்டு பேர் தங்கள் பெயரைக் கீறப் பழகினார்கள். அதற்கு மேல் என்ன யோசிக்க? எழுதினேன்: ‘பூசைக்குப் பிறகு பூட்டைத் திரும்பச் சரிபார்க்கவில்லை. சந்தேகம் வந்தும் பார்க்கவில்லை. பிழை என்னுடையது.’

சிவண்ணை வாங்கி வாசித்தார். பேனாவைக் கேட்டார். கீழே தன் கோணல் எழுத்தில், ‘பின்னைக் கழட்டினது நான்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தத் தாள்தான் அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. என்ன சாமிப்படமோ என்று நீங்கள் கேட்டது அதைத்தான்.

ட்ரெய்லர் என்னிடமிருந்து போனது. மூன்று மாதம் நிரோவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். அந்த மூன்று மாதத்தில் அவளிடம் கேட்ட பகிடிகளை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

இன்றைக்கும் இந்த யார்ட்டில் பூசை நடக்கும்; பழமும் நசுங்கும். ஆனால் மாலை ட்ரக்கின் முன்பக்கத்துக்கு மட்டும். பூசை முடிந்த பிறகுதான் ட்ரெய்லரைக் கொளுவுவோம். ஐயருக்கே பழகிவிட்டது, தட்டைக் கீழே வைத்துவிட்டு, “சரி, இனி உங்கட பூசையைச் செய்யுங்கோ” என்பார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சங்கிலியைக் கொளுவுங்கள் என்பதல்ல. அதைக் கையேடு சொல்லும். வண்டியை விட்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போனாலும், ஒரு கோப்பிக்குப் போனாலும், திரும்பி வரும்போது உங்கள் தாள் பழையது. இன்னொன்று: யாராவது உங்களிடம் ஒரு பிழையைக் காட்டினால், அந்த ஒன்றை மட்டும் திருத்திவிட்டு ஏறாதீர்கள். முகம் எரியும்; எரியட்டும். எரிகிற முகத்தோடே முழுக்கச் சுற்றிப் பாருங்கள். நிரோ அன்று என் சங்கிலியைக் காப்பாற்றினாள். அந்தச் சங்கிலி எட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. என் ரோசம் பூட்டைப் பார்க்காமல் விட்டது.

கடைசியாக, நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று என் கடைசி ஓட்டம். எல்லாம் பார்த்து, தாள் நிரப்பி, அலுவலகத்துக்குள் போய்க் கொஞ்சம் கதைத்துவிட்டு வந்து ஏறிவிட்டேன். உங்களில் மூத்தவரான பத்மநாதன் ஐயா, வேலைக்கு வந்து ஒன்பதே நாளானவர், வாசலில் கையை நீட்டினார்.

“தம்பி, ஒருக்கா இறங்கும்.”

“என்ன ஐயா?”

“நீர் உள்ள கதைச்சுக்கொண்டு நிக்கேக்க, அந்தக் கைபிடியில ஆரோ கை வைச்ச மாதிரிக் கிடந்தது. என்ர கண் பிழையாயும் இருக்கும்.”

இறங்கினேன். பூட்டு, பின், இரண்டு சங்கிலி, ட்ரெய்லருக்குப் போகும் பிரேக் வயர், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஜாக்கியைச் சுற்றினேன், ட்ரக் எழும்பியது. ஒரு குறையும் இல்லை. ஐயாவுக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது.

“மன்னிச்சுக்கொள்ளும். உம்மட நேரத்தை வீணாக்கிப்போட்டன்.”

தாளில் பழைய நேரத்தை வெட்டிப் புது நேரம் எழுதினேன். அதற்குக் கீழே ஐயாவிடம் கையெழுத்து வாங்கினேன். எனக்கு வந்த சந்தோசத்தை அடக்க முடியவில்லை; இங்கே ‘இறங்கு’ என்று சொல்ல இன்னொரு ஆள் வந்துவிட்டார்! ஏழு நிமிடம் பிந்தி வாசலைத் தாண்டினேன். பின்னால் தன் ட்ரக்கில் காத்து நின்ற நிரோ கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்:

“என்ன மனே, இண்டைக்கும் கலியாணமா?”

“ஓம்!” என்று கத்திக்கொண்டு போனேன்.